ஏழாவது தட்டு

ஜெனுஷாவுக்குச் சாமத்தியவீடு. பிள்ளை பெரியவளாகி எட்டு மாதமாயிற்று; மண்டபம் இப்போதுதான் கிடைத்தது. இத்தாலியின் பலெர்மோ நகரில் மூச்சுவிடுகிற தமிழர் எல்லோருக்கும் அழைப்புப் போயிற்று. தட்டு ஏந்தி முன்னால் நடக்க ஏழு பெண்பிள்ளைகள் வேண்டும். ஆறு பேர் சொந்தத்துக்குள் அகப்பட்டார்கள். ஏழாவது அபேனாதான் என்று ஜெனுஷா ஒற்றைக்காலில் நின்றாள்.

அபேனா கானா நாட்டுப் பிள்ளை. அல்பெர்கேரியாப் பகுதியில் இரண்டு பேருக்கும் எதிரெதிர் வீடு, ஒரே படிக்கட்டு. வகுப்பில் யாரும் சேர்க்காத இந்த இரண்டு பேரும் ஒன்றாகவே இருந்து பழகியவர்கள். இந்த வருடம் அபேனாவும் அவளுடைய ஒன்றுவிட்ட தங்கை எஃபுவாவும் தலைமயிரைச் சூடு வைத்து நேராக்குவதை நிறுத்திவிட்டார்கள். அது தன்பாட்டில் சுருண்டு விரிந்து நின்றது. பள்ளியில் சிரித்தார்கள்.

"சிரிக்கட்டும். இது என்ர தலை" என்றாள் அபேனா. ஜெனுஷாவுக்குப் பெருமையாக இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

ஜெனுஷாவின் தாய் றோசமலருக்கு வீடியோதான் கவலை. "பிள்ளை, அவளைத் தலையைப் படிய இழுத்துக் கட்டிக்கொண்டு வரச் சொல்லு. ஏழு பேரும் ஒரேமாதிரித் தெரியவேணும்."

"ஓம் அம்மா, சொல்லுறன்."

சொல்லவில்லை. சொல்லமாட்டேன் என்று தாயிடமும் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் நல்லபிள்ளையாக இருக்கப் பார்த்தாள்.

அன்றைக்கு அபேனா மஞ்சள் அரைத்தாவணியில் வந்தாள். விரிந்த சுருள்மயிரில் மல்லிகைச் சரம். எஃபுவா ஒரு மணித்தியாலம் இருந்து குத்திவிட்டிருந்தாள். மண்டப வாசலில் றோசமலர் சிரித்த முகத்தோடு அபேனாவின் கையிலிருந்த தட்டை வாங்கி வேறொரு பிள்ளையிடம் கொடுத்தாள்.

"நீ உள்ளை போய் இரு பிள்ளை. வீடியோவுக்கு இந்தத் தலை சரிவராது" என்று இத்தாலியனில் சொன்னாள்.

அபேனா ஜெனுஷாவைப் பார்த்தாள். அவள் இல்லாமல் நான் நடக்கமாட்டேன் என்று ஜெனுஷா ஒரு வார்த்தை சொன்னால் போதும். சடங்குப் பெண் அடம்பிடித்தால் அந்த மண்டபத்தில் யார் மறுப்பது? ஆனால் குனிந்த தலை நிமிராமல் நடக்க ஜெனுஷாவைக் கிழமைக்கணக்காகப் பழக்கியிருந்தார்கள். அவள் அந்த வழக்கத்துக்குள் ஒளிந்துகொண்டாள். குனிந்தே நடந்தாள். வெட்கங்கெட்ட வேலை அது. என்ன அடக்கமான பிள்ளை என்று சனம் மெச்சியது.

திங்கட்கிழமை காலையில் படிக்கட்டில் ஜெனுஷா அக்கா தங்கை இரண்டு பேரையும் மறித்தாள். அபேனாவின் தலை அதே விரிந்த சுருள்தான்.

"அம்மா அப்பிடித்தான். மன்னிச்சுக்கொள்."

"உன்ர அம்மாவோட எனக்குக் கோவமில்லை. அவ என்ர முகத்தைப் பாத்துச் சொன்னவ" என்றாள் அபேனா.

பிறகு அபேனாவும் எஃபுவாவும் கதைத்துக்கொண்டே இறங்கிப் போனார்கள். நாள்தோறும் மூன்று பேரும் சேர்ந்துதான் பள்ளிக்குப் போவார்கள். அன்றைக்கு ஜெனுஷாவை யாரும் கூப்பிடவில்லை.