கண்ணீர் அஞ்சலியில் ஒரு திருத்தம்

குஜிலியம்பாறை பஸ் ஸ்டாண்டில் இறங்கிய மலைச்சாமி முதலில் பார்த்தது தன்னுடைய சாவைத்தான். சுவரில் பத்தடி ஃபிளெக்ஸ். ‘கண்ணீர் அஞ்சலி’ என்று கொட்டை எழுத்து. ஒன்றியச் செயலாளர் இளஞ்செழியன் அதில் ஆளுயரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டு நிற்க, செத்தவர் மூலையில் தபால்தலை அளவுக்கு இருந்தார். உண்மையில் செத்தது பக்கத்து ஊர் மலைச்சாமி. கட்சி ஆபீஸில் கைக்கு அகப்பட்ட இவர் படத்தையும் வரலாற்றையும் போட்டுவிட்டார்கள். விசாரிக்க ஒரு பயலுக்கும் நேரமில்லை.

டீக்கடை ராயப்பராஜ் பதறி ஓடி வந்தான். “ஐயா! இப்பவே கிழிச்சுருவோம்.”

“இருக்கட்டும் அப்பு. எண்பத்தஞ்சு ஆச்சு, என்னைக்கிருந்தாலும் ஒட்டத்தான் போறாங்கெ. கீழ பொடியா என்னமோ இருக்கே, வாசி.”

“மொழிப்போரில் அண்ணன் முத்துச்சாமியுடன் தோளோடு தோள் நின்று சிறை சென்ற...”

மலைச்சாமி அவனை நிறுத்தினார். முத்துச்சாமியா! இளஞ்செழியனின் அப்பனான அவன் அன்றைக்கு ஆளுங்கட்சிக்காரன். அறுபத்தைந்தில் இவர்கள் களத்துமேட்டில் பசை காய்ச்சிக்கொண்டிருந்தபோது ஜீப்பில் போலீசைக் கூட்டிவந்து கையைக் காட்டியவன். ஆட்சி மாறிய மறுமாதமே துண்டையும் மாற்றிக்கொண்டவன். உள்ளே போனது இவரும் பேகம்பூர் நூர் முகமதுவும். இரண்டு பேருக்கும் ஒரே சைக்கிள், ஜெயிலில் ஒரே பாய். சுவருக்கு இவர் சுண்ணாம்பு அடிப்பார், நூர் எழுதுவார். அந்த எழுதுகிற விரல்களைத்தான் லத்தியால் உடைத்தார்கள். கட்சி ஜெயித்து எத்தனையோ மேடை போட்டது, ஒன்றில்கூட நூருக்கு நாற்காலி இல்லை. நூர் செத்த பிறகு இந்தப் பெருமையையும் பிடுங்கிவிட்டான்கள், பாவிகள்.

இளஞ்செழியனுக்குப் போன் போட்டார்.

“போட்டோ மாறிப்போச்சுங்கய்யா, மன்னிச்சுருங்க. இந்தா, நேர்ல வாரேன்.”

“போட்டோ கெடக்கட்டும். உங்கப்பன் எந்த ஜெயிலுக்குடா போனான்?”

“பழைய கதைய இப்ப யாருங்கய்யா கேக்கப்போறா?”

“நான் கேக்குறேன்லடா!”

போனை மடியில் சொருகிக்கொண்டு எதிர்க் கடைக்குப் போனார். வெள்ளை பெயிண்ட் ஒரு டப்பா, கறுப்பு ஒன்று, இரண்டு பிரஷ் வாங்கினார். ராயப்பராஜ் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டான். “ஐயா, மேல உங்க பேரு இருக்கே, அதை அழிக்கலையா?”

“அது கெடக்கு.”

முத்துச்சாமியின் பெயர் மேல் வெள்ளை ஏறியது. அந்த வேலை கைக்கு மறக்கவில்லை. கறுப்பில் பிரஷை முக்கியதும் எழுத்தை எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை. சுவரில் எழுதி அவருக்குப் பழக்கமே கிடையாது.

பின்னால் கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. “ஐயா! என்ன பண்றீங்க, இறங்குங்க!” என்று இளஞ்செழியன் கத்தினான். மலைச்சாமி திரும்பவில்லை. ‘நூர்’ என்று கோணல்மாணலாக முடிந்திருந்தது. கறுப்பு பெயிண்ட் முழங்கை வரை வழிய, ‘மு’ போட ஆரம்பித்தார்.