அடுப்பு மாப்பிள்ளையின் சர்க்கரை

என் மனைவியின் அண்ணனுடைய பேக்கரியில் எனக்கு அடுப்பு வேலை. என் ரத்தத்தில் சர்க்கரை ஏறிக்கொண்டே போனதும் நான் கேக்கைத் திருடித் தின்கிறேன் என்று அவன் முடிவு கட்டிவிட்டான். வேலையாட்கள் முன்னால் என்னை வாயைத் திறக்கச் சொல்லி நாக்கைப் பார்த்தான்.

"க்ரீமைக் காணோமே மாப்பிள்ளை, நக்கித் துடைச்சிட்டீங்களா? இன்னொரு தடவை சர்க்கரை ஏறுச்சுன்னா வேற அடுப்பு பாத்துக்குங்க."

ஏறியது. என் திருட்டை டாக்டர் வாயால் கேட்க அவனும் ஆஸ்பத்திரிக்கு வந்தான்.

டாக்டரம்மா ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார். "பொட்டாசியம் ரொம்பக் குறைஞ்சிருக்கு. அது குறைஞ்சா இன்சுலின் சரியா சுரக்காது, சர்க்கரை ஏறும். நீர் பிரியற மாத்திரை ஏதாவது போடறீங்களா?"

"அடுப்படியில நின்னு கால் வீங்குதுன்னு மச்சான் அவர் பிரஷருக்குப் போடற நீர் மாத்திரையைத் தராரு. முழுங்கறேனான்னு தினமும் நின்னு பாப்பாரு."

டாக்டரம்மா அவன் பக்கம் திரும்பினார். "அடுத்தவங்களுக்கு மாத்திரை கொடுக்க நீங்க யாரு?"

"நல்லதுன்னுதான் மேடம்..."

"வேர்வையில பொட்டாசியம் போறது பத்தாதுன்னு இந்த மாத்திரை வேறயா? இன்னும் கொஞ்சம் குறைஞ்சிருந்தா இதயத் துடிப்பே தாறுமாறாயிருக்கும்."

வெளியே வந்ததும் என் தோளில் கை போட்டான். "நாளைக்கு வேலைக்கு வந்துடுங்க. மாத்திரை விஷயம் தங்கச்சி காதுக்குப் போக வேணாம்."

கையைத் தட்டிவிட்டேன். அவன் பக்கத்தில் நிற்கும்போதே மனைவிக்கு போன் போட்டு, ஸ்பீக்கரையும் அழுத்தினேன்.