படகில் குந்திய குருவி

இருபதாயிரம் ரூபாய், மகன் கடைசியாகப் போனில் எடுத்த படத்துக்கு… அதையும் செபமாலை பதினாறுக்கு இறக்கித்தான் வாங்கினார், கடலை விட்டுப் பத்து வருடமாகக் குருநகர்க் கரையில் மீன் ஏலம் கூறுகிற வாய், செத்த பிள்ளையின் போனைத் திருத்துகிறவனிடமும் சும்மா கிடக்கவில்லை, உப்புத்தண்ணி குடிச்ச சாமான் தம்பி, உதுக்குள்ளை படம் இருக்கோ இல்லையோ ஆருக்குத் தெரியும் என்று சந்தைக் கதை கதைத்துவிட்டு, வெளியே வந்து சைக்கிளைப் பிடித்தபோதுதான் கை கூசியது. செத்த பிள்ளையா, யார் சொன்னது செத்ததென்று, படகு மட்டும்தானே வந்தது? இப்போது உடுவிலில், விலங்கியல் படிப்பித்து ஓய்வுபெற்ற கிறிஸ்துநாயகம் மாஸ்ரரின் முன்னறையில், பிளாஸ்டிக் கதிரையின் நுனியில் இருக்கிறார். மாஸ்ரர் அந்தப் படத்தை மேசையில் வைத்துக்கொண்டு பறவைப் புத்தகத்தைப் புரட்டுகிறார், புரட்டுகிறார், ஒரு பாரை மீன் வாங்க வந்து எல்லாக் கூடையையும் கிளறுகிற மனுசியைப்போல…

படத்தில் மகன் லெனாட்டின் படகு, அதன் முன்முனையில் ஒரு குருவி, முதுகு பச்சை, வயிறு மணல் நிறம், வாலடியில் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புக் கோடு, வால் என்று சொல்ல ஒன்றுமில்லை, யாரோ கத்தரித்துவிட்ட மாதிரி. கடற்பறவைகள் எல்லாம் செபமாலைக்குப் பெயரோடு தெரியும், இது தெரியாது, தெரியாததுதான் நல்லது, கடலில் இல்லாதது என்றால் கரையில் உள்ளது, கரையில் உள்ளது என்றால் கரை கிட்ட இருந்தது, கிட்ட இருந்தால் பிள்ளை நீந்தியிருப்பான், எங்கேயோ ஏறியிருப்பான்… ஒக்ரோபரில் அந்தப் படகு தனியே மிதந்து வந்தது, எஞ்சின் பழுது, தண்ணீர்க் கான் பாதி, சோற்றுப் பார்சல் பாதி, பொலித்தீனில் சுற்றியும் நனைந்துபோன போன், லெனாட் மட்டும் இல்லை. ஓட்டை இல்லாத படகை விட்டு ஒருவன் ஏன் இறங்குகிறான்? ஊரும் அதைத்தான் கேட்டது, கேட்டுவிட்டுத் தானே பதிலும் சொன்னது, கலியாணம் பேசின பிரியந்தினி வீட்டார் சம்பந்தத்தை முறித்து மூன்றாம் கிழமை, பெடியன் தானாய்க் குதிச்சிட்டான். கோயில் வாசலில் றெஜினாவைக் கண்டால் பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டு ஒதுங்குகிறார்கள், பெற்றவள் இரண்டு மாதமாக ஒரு செபமும் வாய்விட்டுச் சொல்வதில்லை, நேற்று மட்டும் வாய் திறந்தாள், “அவன் வேணுமெண்டு போனவனோ இல்லையோ, அதை மட்டும் எனக்கு அறிஞ்சு சொல்லுங்கோ.”

“மாஸ்ரர், கரைக்குருவி எண்டு மட்டும் சொல்லுங்கோ, பேரைப் பிறகு பாப்பம்.” மாஸ்ரர் தலை நிமிரவில்லை. “ஏலத்திலை நிக்கிறன் எண்ட நினைப்போ, செபமாலை? நீர் கூறுற விலைக்குக் குருவி மாறாது.” பிறகு ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். “ஓம், கரைக்குருவிதான். ஆறுமணிக்குருவி. செடி பத்தையளுக்குள்ளை நிலத்திலை கொத்தித் திரியிறது…” அவ்வளவும் போதும், செபமாலை எழும்பிவிட்டார், எழும்பிய மனிதரை மாஸ்ரரின் ‘ஆனா’ திரும்ப இருத்தியது. “ஆனா இது இஞ்சத்தைச் சாமானில்லை. மாரிக்கு முன்னம் இந்தியாவிலையிருந்து இரவிரவாக் கடல் தாண்டி வாறது. களைச்சுப் போனால் நடுக்கடலிலை கண்ட படகிலை குந்தும். உதைக் கண்டு கரை கிட்ட எண்டு நினைக்கேலாது.”

நினைக்கேலாது… நினைக்கலாம் என்று சொன்னது யார்? பன்னிரண்டு வயதில் அவனை முதன்முதல் கடலுக்குக் கூட்டிப்போன அன்று, வாந்தி எடுத்துக் கிடந்தவனின் முதுகைத் தடவிக்கொண்டு, எஞ்சின் நிண்டாலும் பயப்பிடாதை மேனை, கரைக்குருவி ஒண்டு வந்து குந்தினால் கரை நீந்துற தூரம், யோசியாமல் இறங்கு… சொன்ன வாய் இந்த வாய்தான், இதற்குச் சொல்லிக்கொடுத்தது தகப்பனின் வாய், ஒரு நாளும் பிழைக்காத பேச்சு, பிழைத்த இடத்தில் இறங்கியவர்கள் யாரும் திரும்பி வந்து பிழை என்று சொல்லாததால் பிழைக்காத பேச்சு. அப்படியென்றால் அவன் சாகக் குதிக்கவில்லை, வீட்டுக்கு வர இறங்கினான், இதைச் சொன்னால் றெஜினாவுக்குப் பிள்ளை திரும்பக் கிடைப்பான், ஊருக்கு முன்னால் தலை நிமிர்த்துவாள், நிமிர்த்திய தலையைத் தன் பக்கம் திருப்பிக் கேட்பாள், குருவியைக் கண்டால் இறங்கு எண்டு அவனுக்கு ஆர் சொன்னது? சொல்லாமல் விட்டால்… விட்டால் அவன் குதித்தவனாகவே கிடப்பான், இவர் நல்ல தகப்பனாக ஏலம் கூறிக்கொண்டு நிற்கலாம். “பேரை எழுதித் தரட்டோ?” என்று மாஸ்ரர் கேட்டது தூரத்தில் கேட்டது, ஓம் என்றாரா, எழுதுங்கோ என்றாரா, தாள் கைக்கு வந்துவிட்டது. பக்கத்துப் படகுக்காரன் சுரேஸ் அவனைக் கடைசியாகக் கண்டது கரையிலிருந்து பதினாலு மைலில். லெனாட் ஒரே மூச்சில் நீந்தியது, மண்டைதீவுக்குப் போய்வந்த மூன்று மைல். பதினாலில் மூன்று போக, மிச்சம் பதினொரு மைல்.