சேற்றை விட்டு எழாத எருமைகள்

சரஸ்வதியின் புருஷனுக்குப் பதினாறாம் நாள் காரியம்கூட ஆகவில்லை. அதற்குள் கொழுந்தன் மருதப்பன் அவள் குடியைக் கெடுத்தான். சிராங்கூன் ரோட்டருகே இருந்த அவர்கள் மாட்டுக்கொட்டகை வழியாகச் சர்க்கார் புது ரோடு போட இருந்தது. நிலக்காரர்களுக்கு வேறிடத்தில் மாற்று நிலம். பெயர் எழுதிக்கொள்ளச் சர்க்கார் குமாஸ்தா, கிராணி இராஜரத்தினம் வந்தார். தாலி அறுத்தவள் துக்க வீட்டை விட்டு வெளியே தலைகாட்டலாமா? வாசலில் நின்ற மருதப்பன், அண்ணனுக்குத் தான் ஒருவனே வாரிசு என்று எழுதிக் கொடுத்துவிட்டான்.

அவள் பால் கறந்து கறந்து கை காய்த்து வாங்கிய நிலம் அது. விஷயம் தெரிந்தும் மூன்று மாதம் வாய் திறக்கவில்லை. அழுகிறவளாக இருந்தால் அவன் பிழைத்திருப்பான்.

நிலத்தை ஒப்படைக்கும் நாள் வந்தது. பகல் பன்னிரண்டுக்குள் காலியாகாவிட்டால் மாற்று நிலம் கிடையாது. அன்று காலை சரஸ்வதி பன்னிரண்டு எருமைகளையும் நிலத்தின் நடுவே இருந்த சேற்றுக்குட்டையில் இறக்கிவிட்டு, கரையில் உட்கார்ந்துகொண்டாள்.

ஒரு நாளும் மாட்டைத் தொடாத மருதப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். அடித்தான், வாலை முறுக்கினான், கூலிக்கு ஆள் வைத்தும் இழுத்தான். எருமை மாட்டின் மேல் மழை பெய்தது போல என்று சும்மாவா சொன்னார்கள்?

நிலத்தை ஒப்புக்கொள்ள வந்திருந்த கிராணி கடிகாரத்தைப் பார்த்தார். "பதினொண்டரை ஆச்சுது. காணி வெறுமையா இல்லாட்டி நான் ஒண்டும் செய்யேலாது."

"அண்ணி, ஒரு குரல் குடுங்க. நிலம் போனா உங்களுக்கும்தானே போகும்!"

"எனக்குத்தான் மூணு மாசம் முன்னாடியே போயிடுச்சே."

நிலத்தைத் திருப்பி எழுதித் தந்தால்தான் அவள் கூப்பிடுவாள் என்று புரிந்து, அவனுக்கு முகம் செத்துப்போயிற்று. கரையேறி, கிராணியின் காகிதத்தில் நிலம் அண்ணியுடையது என்று எழுதி, சேற்றுக் கையாலேயே கையெழுத்துப் போட்டான். கிராணி பெயரை மாற்றிக்கொண்டார்.

"பாதியாவது எனக்கு..." என்று இழுத்தான்.

"உன் குரலுக்கு எந்திரிக்கிற மாடு எத்தனையோ, அத்தனை பங்கு உனக்கு. கூப்பிடு."

கூப்பிட்டான். ஊர் கூடி நின்று பார்க்க, தொண்டை கட்டும்வரை கூப்பிட்டான். ஒன்றின் காதுகூட ஆடவில்லை.

கெடு முடியும் முன் அவள் எழுந்து ஒரே ஒரு தரம் "ம்பா" என்றாள். பன்னிரண்டும் எழுந்து, அவன் மேல் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு கரையேறின. சரஸ்வதிக்கு வயிறு குளிர்ந்தது.