அவர் இருக்கையின் தலைத்திண்டு

பக்கத்து இருக்கையின் தலைத்திண்டு மறுபடியும் இறங்கியிருந்தது. காலையில் இரண்டு கையாலும் பிடித்து உச்சிவரை தூக்கிவிட்டுத்தான் அவள் வண்டியை எடுத்தாள். முதல் வேகத்தடையில் அசைவில்லை. பாலத்து இறக்கத்தில் ஒரு விரற்கடை தாழ்ந்தது. சாலையை வெட்டிப் போட்டிருந்த இடத்தைத் தாண்டும்போது இன்னும் கொஞ்சம். சத்தமே இல்லை. மகளைப் பள்ளியிலும் அண்ணியைத் தையல் ஆலையிலும் இறக்கிவிட்டு, தான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடை வாசலில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தால், திண்டு இருக்கையின் தோளோடு ஒட்டிக் கிடந்தது. யாரோ களைத்துப்போய்த் தலையைத் தொங்கப் போட்டதுபோல.

அவள் கணவரின் தலை அந்த இருக்கையில்தான் சாய்ந்தது. நெஞ்சை அடைக்கிறது என்றவரை முன்னால் ஏற்றிக்கொண்டு அவள்தான் ஓட்டினாள். பாலம் ஏறும்வரை பேசிக்கொண்டே வந்தார். "மெதுவா போம்மா, லிஃப்டா அறுந்து விழுந்திருச்சு?" என்று கிண்டல் வேறு, லிஃப்ட் பழுது பார்ப்பவருக்கு எல்லா அவசரமும் அந்தக் கணக்கில்தான். பாலம் இறங்கும்போது ஓரக்கண்ணில் அவர் தலை கொஞ்சம் தாழ்ந்தது தெரிந்தது. வலி விட்டுக் கண் அசருகிறார் என்று நினைத்தாள். ஆஸ்பத்திரி வாசலில்தான் புரிந்தது.

அதன்பிறகு அந்த இருக்கையில் யாரும் உட்காரவில்லை. அண்ணி அதற்கு நேர் பின்னால் உட்காருவார். மகள் குருவி அவருக்குப் பக்கத்தில். முன்னால் அவள் மட்டும். "பார்க்கிறவங்க உன்னை வாடகைக் கார் டிரைவர்னு நெனச்சுக் கை காட்டப் போறாங்க" என்று அண்ணி ஒருநாள் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. சொன்னவரும்தான்.

அண்ணி, அவள் கணவரின் அக்கா. தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்து, தனக்கென்று கல்யாணம் காட்சி பார்க்காமல் நின்றுவிட்டவர். சீருடை தைக்கும் ஆலையில் துணி வெட்டுகிறார். வாய் கத்தரிக்கோலைவிடக் கூர்மை. தம்பி போன பிறகு அந்த வாயில் பாதி அடங்கிவிட்டது.

அன்று மாலை வீடு திரும்புகையில் குருவி பின்னாலிருந்து சொன்னாள்:

"அம்மா, திங்கக்கிழமைலேர்ந்து நான் முன்னாடி உக்காரப் போறேன். பின்னாடி உக்காந்தா குமட்டுது."

"அந்த சீட்டு சரியில்லடி."

"தெரியும். அதுல அப்பா இருக்காரு. இருந்தா இருக்கட்டும், நான் மடியில உக்காந்துக்கிறேன்."

 அவள் கண்ணாடியில் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி எதையும் கேட்காதவர்போல எதிரே இருந்த தலைத்திண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பயம் ஒருபக்கம் இருக்கட்டும். அப்படி இறங்கிக் கிடக்கும் திண்டுக்கு முன்னால் பிள்ளையை உட்காரவைக்க முடியாது என்பதும் அவளுக்குத் தெரியும். வண்டி வாங்கிய புதிதில் கணவர் ஒரு கரண்டியையும் எலுமிச்சம்பழத்தையும் வைத்து அதை விளக்கியிருந்தார். "சாஞ்சு தூங்கறதுக்குன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. இல்ல. பின்னாலேர்ந்து ஒருத்தன் இடிச்சான்னு வெச்சுக்கோ, சீட்டு உன் முதுகை முன்னால தள்ளும். தலை மட்டும் அங்கேயே நிக்கப் பார்க்கும். அப்போ கழுத்து பின்னால மடங்கும். மடங்க விடாமப் பிடிக்கிறதுதான் இந்தத் திண்டோட வேலை. திண்டோட உச்சி தலையோட உச்சிக்கு வரணும். தலைக்கும் திண்டுக்கும் நடுவுல ரெண்டு மூணு விரல்தான் இடைவெளி. கழுத்துக்குக் கீழே கிடந்தா அது இல்லாததைவிட மோசம், நெம்புகோலுக்கு முட்டுக் கொடுத்த மாதிரி." எலுமிச்சம்பழம் கரண்டியிலிருந்து உருண்டு அண்ணியின் தட்டில் விழுந்தது. "தலையே போச்சு, சாப்பிடு" என்றார் அண்ணி.

சனிக்கிழமை பட்டறைக்குக் கொண்டுபோனாள். மெக்கானிக் திண்டின் அடியிலிருந்த பட்டனை அமுக்கிப் பார்த்தார். உள்ளே போனது, வெளியே வந்தது. "ஸ்பிரிங் அருமையா இருக்கும்மா." திண்டை உச்சிக்குத் தூக்கி உள்ளங்கையால் லேசாகத் தட்டினார். நின்றது. "நிக்குதே!"

"ஓட்டும்போதுதான் இறங்குதுங்க."

"யாரும் உக்காராமலா?" அவர் காதைச் சொறிந்துகொண்டார். "அதுக்கு வேற ஆளைத்தான் பார்க்கணும். நமக்கு இன்ஜின் வரைக்கும்தான்." சொன்ன பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்கம்மா" என்றார்.

இனி இந்த வண்டி வேண்டாம், ஊரிலிருக்கும் தன் அண்ணனிடம் சொல்லி யாருக்காவது தள்ளிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்துகொண்டு வீடு வந்தாள். வாசலில் நிறுத்தி, இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். வெயில் கண்ணாடி வழியாக அந்த இருக்கையில் விழுந்திருந்தது. பட்டறையிலிருந்து வந்த சிறிது தூரத்திலேயே திண்டு இறங்கிவிட்டிருந்தது.

"நீங்கதானா?" என்று கேட்டுவிட்டாள். வாய்விட்டு. பதிலுக்குக் காதில் ஒலித்தது அவர் எல்லாப் பழுதுக்கும் சொல்லும் ஒரே வாக்கியம்: எந்தப் பொருளும் தானா இறங்காது, இறங்குதுன்னா, பிடிக்க வேண்டியது எதுவோ பிடிக்கல.

திண்டைப் பிடித்து மேலே இழுத்தாள். உச்சி வந்தது. கோபத்தில் இன்னும் இழுத்தாள். அது அப்படியே கழன்று மடிக்கு வந்துவிட்டது.

வரக்கூடாது. பட்டனை அமுக்காமல் அது கழலவே கூடாது. நீளமான இரும்புத் தண்டுகளை வேலைக்கு ஏற்றிப் போகும் நாட்களில் அவர் அதைக் கழற்றிப் பின்னால் நீட்டுவார், அண்ணி மடியில் வைத்துக்கொள்வார். ஒவ்வொரு முறையும் பட்டனை அமுக்கித்தான் கழற்றுவார். அவள் திண்டின் இரண்டு கம்பிகளையும் விரலால் தடவினாள். ஒரு கம்பியில் வரிசையாக வெட்டுகள், ஏணிப்படிபோல. இன்னொன்று வழுவழுவென்று இருந்தது. இருக்கையில் இரண்டு துளைகள். பட்டனும் பூட்டும் ஒரு துளையில் மட்டும். வெட்டுக் கம்பி பூட்டுள்ள துளைக்குள் போனால் பூட்டு அதைக் கவ்வும். திண்டை முன்பின்னாகத் திருப்பிச் செருகினால் கம்பிகள் இடம் மாறிவிடும். வழுவழுக் கம்பியைப் பூட்டு எதைக் கொண்டு கவ்வும்? வெறும் உரசலில் நிற்கும். தட்டினால் நிற்கும். குலுங்கினால் இறங்கும்.

திருப்பிச் செருகியது யார் என்று அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. சாம்பல் நிறத் துணி உறை, அண்ணி தைத்தது. இத்தனை நாள் பின்னிருக்கையைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்தில், உள்ளங்கையளவு கருத்து, எண்ணெய்ப் படலம். தினமும் அவள் ஓட்ட, பக்கத்தில் அவர் தலை வைத்த இடம்.

திண்டைக் கையிலேந்தி உள்ளே போனாள். அண்ணி கூடத்தில் குருவியின் பாவாடைக்கு மடிப்பு தைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிர்ந்தவர் அவள் கையைப் பார்த்ததும் ஊசியை வைத்துவிட்டார்.

"அண்ணி, இதைத் திருப்பி மாட்டினது நீங்கதானே?"

"அவன் தலை வெச்ச இடம் முன்னால இருந்தா எவளாவது வந்து சாஞ்சு அழிச்சிருவா." அண்ணி மடியிலிருந்த நூலைத் தட்டிவிட்டார். "பின்னால இருந்தா நான் பார்த்துக்கிட்டே வருவேன். அவ்வளவுதான்."

"அதனாலதான் அண்ணி அது இறங்குது. நான் என்னென்னமோ நெனச்சுப் பயந்துட்டேன்."



"நீ பயந்தே. நான் தினமும் அந்தப் பாலம் எப்ப வரும்னு உக்காந்திருந்தேன்" என்றார் அண்ணி. "இறங்க ஆரம்பிச்சதும், வந்துட்டான்னு நெனச்சுக்குவேன்."

இருவரும் வண்டிக்குப் போனார்கள். அவள் திண்டைச் சரியான பக்கம் திருப்பிச் செருகினாள். 'டக்' என்றது. மாதக்கணக்கில் கேட்காத சத்தம். உள்ளங்கையை ஊன்றித் தன் எடை முழுவதையும் போட்டு அமுக்கினாள். அசையவில்லை. ஆனால் கறை இப்போது முன்பக்கம் இருந்தது, திங்கட்கிழமை குருவியின் தலை வந்து சாயும் இடத்தில். அண்ணி அதைக் கையால் மூடிக்கொண்டார்.  அவள் அந்தக் கையையும் கைக்கடியிலிருந்த துணியையும் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு பட்டனை அமுக்கித் திண்டை மறுபடி கழற்றினாள்.

திங்கட்கிழமை குருவி முன்னால் ஏறி உட்கார்ந்தாள். அவள் மகளின் உச்சந்தலைக்கு நேராகத் திண்டைத் தூக்கி நிறுத்தி, இடைவெளியில் இரண்டு விரலைவிட்டுப் பார்த்துக்கொண்டாள். "முடியைப் பிடிச்சு இழுக்காதம்மா!" வண்டி வேகத்தடையைத் தாண்டியது. பாலம் ஏறியது. இறக்கத்தில் அவள் கண் தன்னையறியாமல் பக்கத்தில் போனது. கண்ணாடியில் அண்ணியின் கண்ணும் அங்கேதான் இருந்தது. இருவரும் காத்திருந்தார்கள். யாரும் வரவில்லை. குருவி ஜன்னலோரம் எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள். அண்ணி கையை நீட்டி, தனக்கு எதிரே இருந்த கறையின் மேல் வைத்துக்கொண்டார்.

பூட்டு கவ்வுவது கம்பியை, துணியை அல்ல. திண்டு நேராக இருக்க, உறையை மட்டும் உருவித் திருப்பிப் போட்டால் போதும்.