இருபதாவது செய்முறை

காரில் ஏறியதிலிருந்து டோரீன் மூன்று முறைதான் இருமினார். ஆனால் மூன்றாவது இருமல் அவர் வீட்டு வாசலில் ஆரம்பித்து, தேம்ஸ் பாலத்தைத் தாண்டி, அடுத்த ஊர் பெட்ரோல் பங்க் வரை நீண்டது என்று வில்ஃப் கார்ட்ரைட் யாரிடம் வேண்டுமானாலும் சத்தியம் செய்வார். அவருடைய சத்தியத்துக்கு அந்த வட்டாரத்தில் யாரும் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை. எழுபத்தெட்டு வயதில், பணியெல்லாம் முடிந்து வீட்டில் உட்கார்ந்திருக்கும் மனிதர். உண்மைக்குச் சட்டை மாட்டி, தொப்பி வைத்து, மீசையும் வரைந்துவிடாமல் அதைத் தெருவில் அனுப்பமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக் காட்சிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 'கெஸ்ட்ரெல் திரும்பவில்லை' படம் வெளிவந்து நாற்பத்தைந்து வருடம் ஆகிவிட்டதாம். ரசிகர்கள் ஒரு சின்ன தியேட்டரைப் பிடித்து விழா வைத்திருந்தார்கள். கெஸ்ட்ரெல் என்பது விண்கலம். சோப்பு டப்பா, ஹேர் டிரையர், யாரோ தொலைத்த பல்செட் எல்லாவற்றையும் ஒட்டி அதைச் செய்தவர் டோரீன். அது போய் இறங்கும் கோளில் ஓயாமல் விழும் சாம்பலைச் செய்தவர் வில்ஃப். படத்தின் கதை இன்று யாருக்கும் நினைவில்லை. கதாநாயகன் பெயரைக் கேட்டால் அவன் பெண்டாட்டியே யோசிப்பாள். சாம்பலை மட்டும் யாராலும் மறக்கமுடியவில்லை. நான்கு நிமிடம், பேச்சில்லை, இசையில்லை. செத்துப்போன விண்வெளி வீரன் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். அவன்மேல் சாம்பல் விழுகிறது. விழுகிறது என்றுகூடச் சொல்லமுடியாது. இறங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறது, பக்கவாட்டில் நகர்கிறது, வெளிச்சத்தில் ஒரு கணம் வெள்ளியாக மின்னுகிறது, பிறகு தூங்கப்போகும் பிராணிபோல் அவன் மடியில் வந்து படுக்கிறது. அமெரிக்காவில் நானூறு பேர் ஆறு மாதம் கணினிமுன் உட்கார்ந்து, அதில் ஒரு கைப்பிடிகூடச் செய்யமுடியாமல் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனார்கள் என்பது வில்ஃப் சொல்லும் கணக்கு.

எதில் செய்தீர்கள் என்று கேட்காத பேட்டி கிடையாது. அந்தத் தொழிலில் செய்முறையை வெளியே சொன்னவனுக்கு அடுத்த படம் கிடைக்காது. ஆகவே கருகிய ஓட்ஸ் கஞ்சி என்றார் முதலில். அது நன்றாகப் போனது. பிறகு சர்க்கஸ் யானைச் சாணத்தைக் காயவைத்து இடித்தது என்றார். அப்புறம் தயாரிப்பாளருக்கு வந்த காதல் கடிதங்கள். அப்புறம் மாமியாரின் அஸ்தி. அதைச் சொன்ன அன்று மாமியார் முன்வரிசையில் உட்கார்ந்து கேக் தின்றுகொண்டிருந்தார். இப்படிப் பத்தொன்பது. ரசிகர்கள் பத்தொன்பதையும் வரிசையாக டீஷர்ட்டில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள்.

உண்மை சப்பென்று இருந்ததும் ஒரு காரணம். ஸ்டுடியோவுக்குப் பின்னால் ஒரு சலவை ஆலையை இடித்துக்கொண்டிருந்தார்கள். கொதிகலன் குழாய்களில் சூடு தங்குவதற்காகச் சுற்றியிருந்த வெள்ளைப் பொதியை, எடுத்துப் போனால் போதும் என்று இரண்டு மூட்டை கொடுத்தார்கள். வில்ஃப் அதைச் சமையலறைச் சல்லடையில் தேய்த்துச் சலித்தார். உதவியாளன் ரானி மின்விசிறி பிடித்தான். இன்னொரு உதவியாளன் லென் ஏணிமேல் நின்று தூவினான். டோரீன் ஆறு நாள் கலத்தின்மேல் அதை வழித்து வழித்துச் சரிசெய்து, ரொட்டி சுடுபவர் மாதிரி வெளுத்த முகத்தோடு, அங்கேயே உட்கார்ந்து மதியச் சாப்பாட்டையும் சாப்பிட்டார்.

பெட்ரோல் பங்கைத் தாண்டியதும் டோரீன் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"டாக்டர் ஒரு கேள்வி கேட்டார் வில்ஃப். வேலை பாத்த காலத்துல ஆஸ்பெஸ்டாஸ் பக்கம் போயிருக்கீங்களான்னு. பொம்மை செய்யறவளுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு இல்லைன்னுட்டேன். பஸ்ல வரும்போதுதான் அந்தச் சலவை ஆலை ஞாபகம் வந்துது. அந்தத் தூசு நாப்பது வருஷம் கழிச்சும் நுரையீரலைத் தின்னுமாம்."

வில்ஃப் சிரிக்கப் பார்த்தார். ரானி ஒரு நாளைக்கு அறுபது சிகரெட் பிடித்தான், நுரையீரல் போகாமல் என்ன செய்யும் என்றார்.

"லென் பிடிக்கலையே, அவனும் அதே மாதிரிதானே போனான்" என்றார் டோரீன்.

வில்ஃப் தேவையில்லாமல் கியரை மாற்றினார். பேசாத வில்ஃபைப் பார்ப்பது டோரீனுக்கே பயமாக இருந்திருக்கவேண்டும். யாரிடமும் சொல்லவேண்டாம், தங்கைக்குக்கூட இன்னும் தெரியாது என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தியேட்டர் வாசலில் கைரன் நின்றிருந்தான். விழாவை நடத்துபவன், தபால்காரன், ஒன்பது வயதில் அந்தப் படத்தைப் பார்த்து, ஐம்பது வயது வரைக்கும் அதிலிருந்து வெளியே வராதவன். வருகிற ஒவ்வொருவர் கழுத்திலும் கறுப்புக் கயிறு மாட்டிக்கொண்டிருந்தான். கயிற்றில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு கண்ணாடிக் குப்பி, தக்கை போட்டு மூடியது. வில்ஃப் கழுத்திலும் ஒன்று விழுந்தது. அதைத் தூக்கி வெளிச்சத்தில் ஒரு குலுக்குக் குலுக்கினார். உள்ளே இருந்தது கீழே போகவில்லை. பாதியில் நின்று, யோசித்து, பக்கவாட்டில் நகர்ந்தது.

ஜூன் மாதம் கேரேஜைச் சுத்தம் செய்தபோது கிடைத்த கடைசி மிச்சம். ஒரு பிஸ்கட் டின் நிறைய. பரிசாகக் கைரனிடம் கொடுத்தவர் அவரேதான்.

"நூத்தியிருபது குப்பி" என்றான் கைரன். "நானும் வீட்டுக்காரியும் மூணு நாள் சாப்பாட்டு மேசையில வச்சு கரண்டியால ரொப்பினோம். படத்துல சாம்பல் விழ ஆரம்பிச்சதும் எல்லாரும் தக்கையைத் திறந்து மேல ஊதணும். ப்ரொஜெக்டர் வெளிச்சத்துல பறக்கும் பாருங்க. அந்தக் கோள்லயே உக்காந்த மாதிரி இருக்கும்."

மூன்று நாள், சாப்பாட்டு மேசை. வில்ஃப் அவன் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். சலவை ஆலை, கொதிகலன், ஆஸ்பெஸ்டாஸ் எல்லாவற்றையும் சொன்னார். ஒரு யானையோ மாமியாரோ இல்லாமல் அவர் சொன்ன முதல் கதை. கைரன் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. பையிலிருந்து பேனாவை எடுத்து, டீஷர்ட்டை முன்னால் இழுத்து, பட்டியலின் அடியில் எழுத ஆரம்பித்தான்.

"இருபது! இருக்கறதுலயே பயங்கரமானது இதுதான் வில்ஃப். எங்க வச்சிருந்தீங்க இத்தனை நாளா?"

தீ அலாரத்தை அமுக்கிவிடலாம் என்று போனால், அதன்முன் மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஏழு வருடத்துக்கு முன் பிரிஸ்டல் விழாவில் வேடிக்கைக்காக அலாரத்தை அமுக்கி, முந்நூறு பேரை மழையில் நிற்கவைத்தவர் வில்ஃப். மேனேஜருக்கு அது தெரிந்திருந்தது. "இன்னிக்கு முடியாது சார்" என்று கண்ணடித்தார்.

மேடையில் மைக் கொடுத்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த டோரீனை வில்ஃப் பார்த்தார். டோரீன் தலையை இலேசாக அசைத்தார், வேண்டாம் என்று. ஆகவே அவர் நோயை விட்டுவிட்டு மீதியைச் சொன்னார். வாழ்நாளிலேயே அவர் பேசிய மிகச் சிறிய பேச்சு. குப்பியைத் திறக்காதீர்கள், அதில் இருப்பது உயிரை எடுக்கும், என் கையால் சலித்தேன். முதல் வரிக்குச் சிரித்தார்கள். இரண்டாவது வரிக்குக் கைதட்டினார்கள். மூன்றாவதற்கு ஒருவர் சிரித்துச் சிரித்து வந்த கண்ணீரைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பில்லாமல் சொல்லிப் பார்த்தார். முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு சொல்வதுதான் அவருடைய பழைய வித்தை என்பது அந்தக் கூட்டத்துக்கு மனப்பாடம். நாற்பத்தைந்து வருடம் தானே ஊட்டி வளர்த்த சிரிப்பு அது. அவர் சொல்லி அது நிற்காது.

விளக்கு அணைந்தது. ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் சாம்பல். வில்ஃப் தொப்பியைக் கழற்றி ஏந்திக்கொண்டு, பின்வரிசையிலிருந்து இருட்டில் ஒவ்வொருவராகக் குனிந்து, குடுத்துடுங்க, குடுத்துடுங்க என்று கெஞ்சிக்கொண்டே வந்தார். மூட்டு வலியில் கால் தள்ளாடியது. சிலர் கையெழுத்துப் போட்டுத் தருவார் என்று நினைத்துக் கொடுத்தார்கள். சிலர் குப்பியைப் பொத்திக்கொண்டு குழந்தைபோல் சிரித்தார்கள். ஒரு தகப்பன், பையனை மடியில் வைத்திருந்தவன், "போங்க தாத்தா, இதுக்காகத்தானே கூட்டிட்டு வந்தேன்" என்றான். தொப்பியில் முப்பத்தோரு குப்பி சேர்ந்திருந்தபோது திரையில் கெஸ்ட்ரெல் தரையிறங்கியது.

இசை நின்றது. கழுத்துக் கயிறுகள் சரசரத்தன. வில்ஃப் ஓடினார் என்று சொல்லமுடியாது, ஆனால் எப்படியோ திரைக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். செத்த விண்வெளி வீரன் பக்கத்தில் தொப்பியேந்திய ஒரு கிழவனின் நிழல் விழுந்தது. ஊதாதீங்க என்று இரண்டு கையையும் தூக்கினார். இதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று எண்ணி விசிலடித்தார்கள்.

அப்போது முன்வரிசையில் டோரீன் எழுந்தார். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"நான் டோரீன். கப்பலைச் செஞ்சவ. இவன் சொல்றது இந்த ஒரு தடவை..."

அதற்குமேல் மூச்சு வரவில்லை. இருமல் வந்தது. அடிவயிற்றிலிருந்து எதையோ பிடுங்கி எடுப்பதுபோல், நிற்காமல், அந்த இசையில்லாத நான்கு நிமிடத்தில் தியேட்டர் முழுக்க அது ஒன்றே கேட்டது. விசில் அடங்கியது. நடைபாதையில் தக்கைமேல் விரலை வைத்திருந்த கைரன், அதை எடுக்காமல், தன் இன்னொரு கையை, மூன்று நாள் கரண்டி பிடித்த கையை, திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒவ்வொரு கையாகக் கழுத்திலிருந்து இறங்கியது.

மூன்றாவது வரிசையில் டப்பென்று ஒரு சின்னச் சத்தம். தகப்பன் மடியிலிருந்த அந்தப் பையன், யாரும் தடுக்குமுன் ஊதிவிட்டான்.

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு சிட்டிகைதான். ப்ரொஜெக்டரின் நீண்ட வெளிச்சத்துக்குள் ஏறி, தலைகளுக்கு மேலே நின்று, இறங்கலாமா வேண்டாமா என்று யோசித்தது. பக்கவாட்டில் நகர்ந்தது. வெள்ளியாக மின்னியது. டோரீனின் இருமல் நின்றிருந்தது. யாரும் மூச்சுவிடவில்லை. வில்ஃப் தொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். தன்னையும் மீறி, என்ன அழகு, என்ன அழகு என்று நினைத்தார். அது இன்னும் இறங்கவில்லை.