ரோட்டோரத்துப் பச்சை

கதிரையும் ஆளையும் ஒரே வாரத்தில் அறுக்கிற சட்டம் அது. போர் தொடங்கிய இரண்டாம் வருடம் வந்தது. வயலில் பயிர் நிற்கும்வரை உழவனைப் பட்டாளத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். அவன் பெயருக்கு ஓர் அறுவடைச் சீட்டு கொடுப்பார்கள். கடைசிக் கதிர் விழுந்த மறுநாள் காலை லாரி வாசலில் நிற்கும். அரசாங்கத்துக்குச் சோறும் வேண்டும், சாகிறதுக்கு ஆளும் வேண்டும். எதை முதலில் எடுப்பது என்பதில் மட்டும் அது ரொம்பத் தெளிவாக இருந்தது.

போன வருடம் வீட்டுக்கு ஓர் ஆள் போதும் என்றார்கள். "அண்ணன் குடும்பஸ்தன், நான் போறேன்" என்று தையல்காரியின் கொழுந்தன் லாரியில் ஏறினான். நாற்பது நாளில் அவன் பெயர் போட்ட கடிதம் வந்தது, அவன் வரவில்லை. இந்த வருடம் வீட்டில் மிச்சம் இருந்தது அவள் புருஷன் ஒருவன்தான்.

தையல்காரி டவுனில் பிறந்தவள், கல்யாணமாகி வந்தபோது கதிருக்கும் களைக்கும் வித்தியாசம் தெரியாதவள். ஆனால் துணியின் ஓரத்தை மடித்துத் தைத்தால் உள்ளே இருக்கிற கிழிசல் வெளியே தெரியாது என்று தெரியும். விதைக்கும்போதே சொல்லிவிட்டாள்.

"ரோட்டோரமா நாலு முழ அகலத்துக்கு இப்ப விதைக்காதீங்க. மூணு வாரம் கழிச்சு விதைங்க."

"எதுக்குடி?"

"பட்டாசு பைக்கை விட்டு இறங்கி என்னிக்காவது வயலுக்குள்ள போயிருக்கானா?"

பட்டாசு என்பது அறுவடை அதிகாரி. அவன் பைக் ஒரு மைல் தூரத்திலேயே வெடித்துக்கொண்டு வரும், அதனால் அந்தப் பெயர். வரப்பில் கால் வைத்தால் பூட்ஸில் சேறு ஒட்டும் என்று ரோட்டில் நின்றபடியே எந்த வயல் பழுத்தது, எதற்கு எத்தனை ஆள் என்று எழுதிக்கொண்டு போவான். புருஷன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்துவிட்டு, அவள் சொன்னபடியே விதைத்தான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனால் மறைந்தது. ஊரெல்லாம் கோதுமை பழுத்து ஆட்கள் இறங்கிவிட்டார்கள். இவர்கள் வயல் மட்டும் ரோட்டிலிருந்து பார்த்தால் பச்சைப்பசேல் என்று நின்றது. உள்ளே மணிகள் முற்றி, காற்றடிக்கும்போதெல்லாம் உதிர்ந்தன. அந்தச் சத்தத்தைக் கேட்டுப் புருஷன் பல்லைக் கடிப்பான். விளைந்ததை உதிரவிடுவது உழவனுக்குப் பெற்ற பிள்ளையைப் பட்டினி போடுகிற மாதிரி. அவள் விடவில்லை. இன்னும் பத்து நாளில் சண்டை நிற்கும், பேச்சுவார்த்தை முடியப்போகிறது என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் பத்து நாள்தான் அவளுக்கு வேண்டும்.

அந்த வருடம் அறுக்க வந்தவர்கள் டவுன் ஆட்கள். முடிதிருத்துபவர், வாத்தியார், பேக்கரிக்காரரின் மனைவி, இப்படி முப்பது பேரை அரசாங்கம் பிடித்து அனுப்பியிருந்தது. கத்தரிக்கோல் பிடித்த கைக்கு அரிவாள் வசப்படுமா? முதல் நாளே பாதிப் பேர் விரலை வெட்டிக்கொண்டார்கள். பாவம் பார்த்து, தையல்காரி பழைய கோணியையும் தோலையும் வெட்டி முப்பது பேருக்கும் இடது கைக்கு விரலுறை தைத்துக் கொடுத்தாள். ஒரு காசு வாங்கவில்லை.

அந்த முப்பது பேருக்கும் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. கொடுத்த வயலைச் சீக்கிரம் முடித்துவிட்டால், மிச்சப் பொழுதில் தங்களுக்கு நல்லது செய்தவர் யாரோ அவர் வயலில் சொல்லாமல் இறங்குவார்கள்.

ஊருக்கான அறுவடைக் கெடு முடிகிற அன்று காலை தையல்காரி அறுவடை ஆபீசுக்குப் போனாள். பயிர் இன்னும் பச்சை என்று கையெழுத்துப் போட்டுக் கெஞ்சினாள். பட்டாசு நேற்றுதான் ரோட்டிலிருந்து பார்த்திருந்தான். சீட்டைப் பத்து நாள் நீட்டித்து முத்திரை குத்திக் கொடுத்தான். ஏழு மைலும் கால் தரையில் பாவாமல் நடந்து வந்தாள். தூரத்தில் ரோட்டோரம் பச்சை அசைந்ததைப் பார்த்ததும் சீட்டை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

பச்சையை விலக்கி உள்ளே கால் வைத்தாள். வயல் இல்லை. அறுத்த தாள்கட்டையும் கட்டுக்கட்டாகக் கதிரும்தான் கிடந்தன. முப்பது பேரும் வேர்த்த முகத்தோடு சிரித்தபடி விரலுறை மாட்டிய கையைத் தூக்கிக் காட்டினார்கள்.

"அக்கா! உங்களுக்கு ஆளே ஒதுக்கலையே. மணியெல்லாம் கொட்டிட்டு இருந்துச்சு, மனசு கேக்கல" என்றார் முடிதிருத்துபவர். "உங்க வீட்டுக்காரர் வேணாம் வேணாம்னு எத்தனை தடவை சொன்னாரு! இப்படி ஒரு கூச்ச சுபாவமா? ஓரத்துல பச்சையா இருந்தத மட்டும் விட்டுட்டோம்."

புருஷன் வரப்பில் உட்கார்ந்திருந்தான். ஏன் வேண்டாம் என்று அவன் எப்படிச் சொல்வான்? விளைந்ததை மறைத்தால் இரண்டு பேருக்கும் ஜெயில். அவளுக்கோ அந்த முப்பது விரலுறையையும் பிடுங்கி அடுப்பில் போட வேண்டும் போல இருந்தது. "ரொம்ப நன்றிங்க" என்றாள். குடத்தை எடுத்து எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றினாள்.

பைக் வெடிக்கிற சத்தம் கேட்டது. ஆட்களை அடுத்த ஊருக்கு அனுப்ப வந்த பட்டாசு, அவர்களைத் தேடிக்கொண்டு அன்று முதல் தடவையாக வயலுக்குள் இறங்கினான். கட்டுகளைப் பார்த்தான். திரும்பிப் பச்சையைப் பார்த்தான். அவன் கத்தவில்லை.

"பத்து நாள் கேட்டது இந்த நாலு முழத்துக்கா?"

ஆட்கள் பக்கம் திரும்பினான்.

"இதையும் அறுங்க. காலைல லாரி வரும்."

"லாரி எதுக்கு சார்?" என்றார் முடிதிருத்துபவர். "இவருக்கும் முப்பதாம் தேதி வரைக்கும் சீட்டு இருக்குமே? எனக்கு இருக்கு."

"அது அறுக்க வந்தவங்களுக்குக் குடுக்குற டவுன் சீட்டுய்யா. அதுல தேதி இருக்கும். இங்க கதிர் விழுந்தா சீட்டும் போச்சு."

முடிதிருத்துபவர் தையல்காரியைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். விரலுறையைக் கழற்றி அரிவாளோடு தரையில் வைத்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக வைத்தார்கள்.

"அறுக்கலைன்னா இது பதுக்கல் கேசு" என்றான் பட்டாசு. "லாரில ஒருத்தர் போறதா, ஜெயிலுக்கு ரெண்டு பேர் போறதா? நீங்களே சொல்லுங்க."

புருஷன் எழுந்தான். கீழே கிடந்த அரிவாள் ஒன்றை எடுத்துக்கொண்டு பச்சைக்குள் போனான்.

"ஒழுங்காத்தான் தச்சேடி" என்றான் அவளைத் தாண்டும்போது, "பிரிஞ்சது உன் தப்பில்ல."

பச்சைத் தாள் ஈரமானது, அரிவாள் வழுக்கும். மூன்றாவது பிடியிலேயே அவன் விரலில் ரத்தம் வந்தது. ஊருக்கே தைத்தவள் இவனுக்கு ஒன்று தைக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தப் பத்து நாள் முடியும்வரை அவன் அரிவாளையே தொடப்போவதில்லை என்றல்லவா இருந்தாள்? ஓடிப்போய்த் தரையில் கிடந்த விரலுறைகளை ஒவ்வொன்றாக எடுத்து அவன் கையில் மாட்டிப் பார்த்தாள். எதுவும் அவன் தடித்த கைக்கு ஏறவில்லை.